கண்ணாடியைக் கழற்றும் லேசர் சிகிச்சை: சம்மதிக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்தப் பகுதியில் பெரும்பாலும் வரிக் கணக்கு, எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் போன்ற தொழில் சார்ந்த பாடங்களே வெளிவரும். இம்முறை கண்ணைப் பற்றி எழுதுகிறோம். பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம் பக்கத்துச் சில்லறை வணிகர்கள் சரக்கெடுக்க நம்மிடம் வரும்போது, பட்டியல் போட்டு முடிந்ததும் பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பும். சில ஆண்டுகளாக அந்தப் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "பையனுக்கு லேசர் வைத்துக் கண்ணாடியை எடுத்துவிடலாம் என்கிறார்களே, செய்யலாமா?"

நாம் மருத்துவரல்ல. பள்ளிப் படிப்போடு மொத்த வியாபாரத்துக்கு வந்துவிட்டோம். ஆயினும் உறவிலும் நட்பிலும் சிலருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய் உட்கார்ந்து, மருத்துவர்களிடம் கேட்டும் பிறகு படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது நல்ல சிகிச்சை. தகுதியுள்ள கண்ணுக்குச் செய்தால் நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன் நடக்கும் அளவெடுப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எல்லா அளவும் எடுத்துப் பார்த்துவிட்டு "உங்களுக்கு இது வேண்டாம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார் என்று கொள்ளுங்கள்.

எந்த லேசர் என்பதைக் கேளுங்கள்

நம்மவர்கள் "லேசர் ஆபரேஷன்" என்று ஒரே பெயரில் சொல்லும் சிகிச்சைகள் உண்மையில் பல. சர்க்கரை நோயால் விழித்திரையில் இரத்தக் கசிவு ஏற்படும்போது வைக்கும் லேசர் ஒன்று. கண்புரை அறுவைக்குப் பின் சில காலம் கழித்து, வைத்த லென்சின் பின்புறச் சவ்வு மங்கினால் அதைத் திறந்துவிடும் லேசர் வேறு. கண்ணாடியின் பவரை நீக்குவதற்காகக் கருவிழியைச் செதுக்கும் லேசர் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதைத்தான் லாசிக் என்கிறார்கள். நாம் எழுதுவது இதைப் பற்றி மட்டுமே. 60 வயது வணிகர் ஒருவர் தமக்குக் கண்புரை இருப்பது தெரியாமல், விளம்பரத்தைப் பார்த்து லாசிக் செய்துகொள்ளப் புறப்பட்டதை நாம் அறிவோம். அவருக்கு வேண்டியிருந்தது புரையை எடுத்து உள்ளே லென்ஸ் வைப்பது.

இந்த லேசரின் பிறப்பில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன் என்ற விஞ்ஞானி, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். எக்ஸைமர் என்னும் புற ஊதாக் கதிர் லேசர் பிளாஸ்டிக்கைச் சூடேற்றிக் கருக்காமல் நுட்பமாகச் செதுக்குவதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் பார்த்திருந்தார்கள். 1981 நவம்பரில் நன்றி அறிதல் திருநாள் விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியைக் கூடத்துக்கு எடுத்துவந்து, அதன் மேல் அந்த லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள தசை கருகாமல் கோடு விழுந்தது. அந்தக் கோட்டிலிருந்து கண் சிகிச்சைக்கு வழி பிறந்தது. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் சேர்த்து அவருக்கு 2013 இல் அமெரிக்க அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார். கடைசித் துண்டையும் வீணாக்காமல் பயன்படுத்தியவர் என்ற வகையில் அவரை நம் மளிகைக் கடைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

கருவிழியின் இருப்புக் கணக்கு

கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி போலக் கண்ணின் முன்புறம் தெளிவான படலம் ஒன்று இருக்கிறது. அதையே கருவிழிப் படலம் என்கிறோம். கண்ணுக்குள் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இந்தப் படலமே செய்கிறது. கண் உருண்டை சற்று நீண்டிருந்தாலோ படலத்தின் வளைவு மிகுந்திருந்தாலோ தூரத்துப் பொருள் மங்கும். இது கிட்டப்பார்வை, கண்ணாடிச் சீட்டில் மைனஸ் என்று எழுதுவார்கள். லேசர் படலத்தின் நடுப்பகுதியைச் சீவி வளைவைக் குறைக்கிறது. அதன் பின் ஒளி விழித்திரையில் சரியாக விழுகிறது.

இங்கே நமக்குப் பழக்கமான கணக்கு ஒன்று வருகிறது. படலத்தின் நடுக் கனம் பலருக்கு 540 மைக்ரான் அளவில் இருக்கும். 1000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லி மீட்டர். அதாவது கையில் உள்ள மொத்தச் சரக்கே அரை மில்லி மீட்டர்தான். லாசிக்கில் முதலில் மேற்புறத்தில் சுமார் 110 மைக்ரான் கனத்தில் ஒரு மெல்லிய மடலைச் சீவி, புத்தகத்தின் தாளைத் திருப்புவதுபோல் ஒதுக்குகிறார்கள். பிறகு அடியில் உள்ள பகுதியில் லேசர் செதுக்கும். ஒரு பவருக்குத் தோராயமாக 15 மைக்ரான் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். எந்திரத்தையும் செதுக்கும் வட்டத்தின் அகலத்தையும் பொறுத்து இது மாறும். முடிந்ததும் மடலைத் திரும்ப மூடுகிறார்கள். தையல் கிடையாது.

540 மைக்ரான் கனமும் மைனஸ் 4 பவரும் உள்ளவரை எடுத்துக்கொள்வோம். மடலுக்கு 110, செதுக்க 60, ஆக 170 போக அடியில் நிற்பது 370. தாராளமான இருப்பு. இன்னொருவருக்குக் கனம் 500, பவர் மைனஸ் 9. மடலுக்கு 110, செதுக்க 135, போக நிற்பது 255. குறைந்தது 250 மைக்ரானாவது அடியில் நிற்கவேண்டும் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் எல்லை. இப்போது 300 வேண்டும் என்று வற்புறுத்தும் மருத்துவர்கள் பலர். மேலும் மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 40 சதவீதத்தைத் தொட்டால் ஆபத்து கூடுகிறது என்றும் பார்க்கிறார்கள். முதல்வருக்கு அது 31 சதவீதம். இரண்டாமவருக்கு 49. இவருக்கு லாசிக் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கை எதிரில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கட்டவேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கென்றால், குறைந்த படலம் திரும்ப வளர்வதில்லை. கண்ணுக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் இருக்கிறது. மிச்சமுள்ள படலம் அதைத் தாங்க முடியாத அளவுக்கு மெலிந்துவிட்டால், மாதங்களோ வருடங்களோ கழித்து முன்புறமாகப் புடைத்துக்கொள்ளும். எக்டேசியா என்பது இதன் பெயர். அரிதானதுதான். வந்தவருக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. சிறப்பு வகைக் கான்டாக்ட் லென்ஸ், படலத்தைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை, முற்றினால் தானமாகப் பெறும் கருவிழியை மாற்றுவது என்று நீளும்.

யாருக்கு வேண்டாம் என்பார்கள்

நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவரின் மகளுக்கு அப்போது 20 வயது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்ததும், அதற்குள் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் அவசரம். மருத்துவர் பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஓராண்டில் மைனஸ் 3.5 மைனஸ் 4.5 ஆகியிருந்தது. "பவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு வருடம் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தகப்பனாருக்குக் கோபம். வேறோர் இடத்தில் ஒரே நாளில் முடித்துத் தருவதாகவும் தள்ளுபடி உண்டென்றும் சொல்கிறார்கள் என்று நம்மிடம் வந்து குறைபட்டுக்கொண்டார். "நகரும் விலையில் யாராவது ஒரு வருடத்துச் சரக்கை ஒரே நாளில் வாங்குவோமா அண்ணாச்சி?" என்று கேட்டோம். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. வீட்டில் அந்தப் பெண்தான் "நான் கண்ணாடியோடேயே இருக்கிறேன் அப்பா" என்று முடித்துவைத்தது. மாப்பிள்ளை வந்தார், அவரும் சோடாப்புட்டிக் கண்ணாடி! சம்பந்தம் முடிந்தது. பிறகு குழந்தை பிறந்தது. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பவரும் கண்ணின் ஈரமும் மாறுவதால் இதைச் செய்யக்கூடாது என்பதால், இன்னும் தள்ளிப் போயிருக்கிறது.

வயது விஷயத்தில் 18 நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டப்படியான சம்மதத்துக்கும் பொருந்துவது. ஆனால் 21 க்கு மேல் என்பதே நல்லது. ஓராண்டுக் காலத்தில் அரைப் பவருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. ஆகவே பழைய சீட்டுகளை வீசிவிடாமல் எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டு இல்லையென்றால் பழைய கண்ணாடியைக் கொண்டுபோனால் அதிலேயே பவரை அளந்து சொல்வார்கள்.

இன்னொரு வீட்டில் நடந்தது இதைவிட முக்கியம். மிளகாய், தனியா மொத்தமாகக் கையாளும் குடும்பம். பையனுக்குச் சிறு வயதிலிருந்து கண் அரிப்பு. எப்போதும் முட்டிக்கையால் தேய்த்தபடி இருப்பான். கண்ணாடியை எடுக்கப் போனபோது கருவிழியின் வரைபடம் எடுத்தார்கள். டோப்போகிராபி என்று சொல்லப்படும் அந்தப் படம் நில அளவைப் படம்போல் வண்ண வண்ணமாக மேடு பள்ளம் காட்டும். அதில் படலம் கீழ்ப்புறமாகக் கூம்பு வடிவத்தில் புடைக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. கெரட்டோகோனஸ் என்பது இந்த நோயின் பெயர். இதை அறியாமல் லேசர் வைத்திருந்தால் ஏற்கெனவே மெலிந்த சுவரை மேலும் செதுக்கியது போலாகியிருக்கும். அவனுக்கு லேசர் வைக்கவில்லை. மாறாக, வைட்டமின் மருந்தும் புற ஊதாக் கதிரும் கொடுத்துப் படலத்தைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை செய்தார்கள். சிலிண்டர் பவர் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் பிள்ளை, கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், லேசர் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒருமுறை இந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பது நலம்.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, முடக்குவாதம் போன்ற நோய்கள், முன்பு கண்ணில் அக்கி வந்தது, கண் அழுத்த நோய், கடுமையான கண் உலர்வு, முகப்பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுவது ஆகியவற்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுக்கப் போகுமுன் அதை நிறுத்தவேண்டும். மென்மையான வகையை ஒன்றிரண்டு வாரமும் கெட்டி வகையை இன்னும் நீண்ட நாளும் நிறுத்தச் சொல்வார்கள். லென்ஸ் படலத்தை அமுக்கிவைத்திருக்கும்போது எடுத்த அளவு, கையை ஊன்றிக்கொண்டு பார்த்த தராசின் எடை போன்றது.

நாற்பது தாண்டியவர்களுக்கு

இந்தப் பாடத்தில் நம் வாசகர்களில் பாதிப்பேருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். 40 வயதுக்கு மேல் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இறுகிப்போய்க் கிட்டத்தில் குவிக்கும் திறன் குறைவதே காரணம். லாசிக் முன்புறப் படலத்தில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் லென்சைத் தொடுவதில்லை. எனவே 25 வயதில் லேசர் செய்துகொண்டவரும் 45 இல் படிக்கும் கண்ணாடி வாங்கத்தான் வேண்டும்.

மைனஸ் 2, மைனஸ் 3 உள்ள கல்லாக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். பில்லைப் படிக்க வேண்டுமானால் கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுப் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். அவர்களுக்குக் கிட்டப்பார்வையே இலவசப் படிப்புக் கண்ணாடி! 45 வயதில் அவர் லேசர் செய்து தூரத்தைச் சரிசெய்தால், தெருவில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகை தெரியும். ஆனால் பாக்கெட்டில் அச்சிட்ட காலாவதித் தேதிக்கும் அலைபேசிக்கும் கண்ணாடி தேட வேண்டியிருக்கும். நாள் முழுக்கக் கடையில் உட்காருகிறவருக்கு இது லாபமா என்பதை அவரேதான் நிர்ணயிக்கவேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் பொருத்தி அமைக்கும் முறையும் உண்டு. சிலருக்கு இது ஒத்துப்போகிறது. சிலருக்குத் தலை சுற்றல் போலிருக்கும். ஆகையால் கான்டாக்ட் லென்ஸ் போட்டு அதேபோல் சில வாரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வழி உண்டு. மாதிரி பார்க்காமல் மூட்டை எடுக்காதவர்கள் நாம். இதையும் கேட்டுச் செய்யுங்கள். 50 தாண்டியவர்கள் புரை எட்டிப் பார்க்கிறதா என்று சோதித்துக்கொள்வது அவசியம். புரை தொடங்கியிருந்தால் லேசருக்குச் செலவழிப்பதில் பொருளில்லை.

வழக்கமான தொல்லைகளும் அரிதான தொல்லைகளும்

உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2009 இல் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, லாசிக் செய்துகொண்டவர்களில் 95.4 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்தார்கள். நல்ல எண்தான். 100 மூட்டைக்கு நாலைந்து மூட்டை என்று நாம் பார்க்கும்போது, அந்த நாலைந்து பேரில் நம் வீட்டுப் பிள்ளை இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகத் துறை பங்கெடுத்து 2017 இல் வெளியான ஆய்வொன்று இன்னும் நுணுக்கமாகக் கேட்டது. முன்பு எந்தத் தொல்லையும் இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர், மூன்று மாதம் கழித்து விளக்கைச் சுற்றி வளையம், ஒளிச் சிதறல், இரட்டைப் பிம்பம் போன்ற ஏதாவது ஒன்று புதிதாக வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அதனால் அன்றாட வேலையே பெரிதும் கடினமானது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, தொல்லை பலருக்கு வருகிறது. முடக்குவது மிகச் சிலரைத்தான்.

இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் திரும்பவும் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த வளையம் பற்றித் தனியாகக் கேட்கவேண்டும். எதிரில் வரும் வண்டியின் விளக்கு பூப்போல விரிந்தால் ஆபத்து. இருட்டில் கண்மணி அகலமாக விரிகிறவர்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம் என்பதால், அந்த அளவையும் எடுப்பார்கள். முதல் சில மாதம் இரவு ஓட்டத்தை வேறு ஓட்டுநரிடம் விடுவது நலம்.

கண் உலர்வு இன்னொன்று. மடலைச் சீவும்போது படலத்தின் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. அவை மீண்டும் வளரும் வரை கண்ணீர் சுரக்கச் சொல்லும் தூண்டுதல் குறைகிறது. மூன்று முதல் ஆறு மாதம் வரை மணல் விழுந்தது போன்ற உறுத்தல் இருக்கலாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போடவேண்டும். சிலருக்கு மட்டும் நீண்டுபோகிறது. நம் கடைகளின் நிலைமை உங்களுக்குத் தெரியும். வத்தல் மூட்டை பிரிக்கும் இடம், மாவு மில், தவிட்டுப் புழுதி, மின்விசிறிக்கு நேராகக் கல்லா. இவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார், கணினி வேலையா என்று மட்டும் கேட்பார்.

மடல் முழுதாகப் பழைய வலுவுக்கு ஒட்டுவதில்லை. வருடங்கள் கழித்தும் கண்ணில் பலமாக அடிபட்டால் நகர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. கபடி, குத்துச்சண்டை ஆடும் பிள்ளைகளுக்கும் சுமை ஏற்றி இறக்கும் பணியாளர்களுக்கும் மடல் இல்லாத முறைகளே பொருத்தம். மேல் தோலை மட்டும் நீக்கி லேசர் வைக்கும் பி.ஆர்.கே. முறையில் மடல் கிடையாது. ஆனால் மூன்று நான்கு நாள் நல்ல எரிச்சல் இருக்கும், பார்வை தெளியச் சில வாரமாகும். ஸ்மைல் என்னும் முறையில் படலத்துக்குள்ளேயே ஒரு சில்லை வெட்டிச் சிறு திறப்பு வழியாக உருவி எடுக்கிறார்கள். பவர் மிக அதிகமாகவோ படலம் மெல்லியதாகவோ இருந்தால் செதுக்குவதை விட்டுவிட்டு, கண்ணுக்குள் கூடுதலாக ஒரு லென்ஸ் வைப்பதும் உண்டு. எது புதிது, எது விலை கூடியது என்று பார்ப்பதைவிட, உங்கள் கண்ணுக்கு ஏன் இந்த முறை என்று கேட்பது பயன் தரும்.

அதிக மைனஸ் உள்ளவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. லேசருக்குப் பின் கண்ணாடி போய்விடும். நீண்ட கண் உருண்டை நீண்டதாகவே இருக்கும். அதன் உட்புறத்தில் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கும். எனவே முன்னதாகக் கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையை ஓரம்வரை பார்க்கவேண்டும்; ஓட்டை இருந்தால் முதலில் அதைச் சுற்றி அடைக்கவேண்டும். பிறகும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். கண்ணில் மின்னல் அடித்தாலோ, திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றே ஓடவேண்டும்.

செலவும் வேலைவாய்ப்பும்

விலை முறைக்கு முறை, ஊருக்கு ஊர் மாறுகிறது. சொன்ன தொகை ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, முன்பரிசோதனையும் சொட்டு மருந்தும் அதில் சேர்ந்ததா, கொஞ்சம் பவர் மிச்சம் நின்றால் மறு சிகிச்சைக்குத் தனியே பணமா, எத்தனை முறை வந்து காட்டலாம் என்று எழுதி வாங்குங்கள். "இன்றே கட்டினால் தள்ளுபடி" என்பதற்கு மயங்கவேண்டாம். ஆடித் தள்ளுபடி நாமும் போடுகிறவர்கள்தானே! மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். 7.5 டையாப்டருக்குக் குறைவான பவரைத் திருத்தும் செலவு ஏற்கப்படாது என்ற வாசகம் அங்கே இருக்கும். அதற்கு மேற்பட்ட பவர் உள்ளவர்கள் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளை சீருடைப் பணிக்கோ ரயில்வேக்கோ போகும் எண்ணம் இருந்தால், அந்தப் பணியின் அறிவிப்பைப் படித்த பிறகே லேசர். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். கண்ணாடி தடை என்று நினைத்து லேசர் செய்து, அதுவே தடையாக முடியக்கூடாது.

புதுச்சேரியில் வசிக்கும் நமக்கு ஆலோசனை கேட்க இடத்துக்குப் பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டில் பிம்ஸ், கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை என்று இருக்கின்றன. பெரிய தீர்மானத்துக்கு இரண்டு இடத்தில் கருத்துக் கேட்பது தவறல்ல. இரண்டு இடத்து அளவும் வேறுபட்டால் ஏன் என்று கேளுங்கள்.

அன்றைய தினமும் பிறகும்

சிகிச்சை நாளில் வாசனைத் திரவியம், மை, முகப்பூச்சு எதுவும் கூடாது. ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். மடல் எடுக்கும்போது கண்ணை அழுத்திப் பிடிப்பது போலிருக்கும், சில நொடி பார்வை இருண்டு வரும். லேசர் வேலை செய்யும்போது முடி கருகும் வாடை வரும், பயப்பட வேண்டியதில்லை. மின்னும் விளக்கையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கவேண்டும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தனியாகப் போகாதீர்கள், வண்டி ஓட்டி வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணில் நீர் வழியும், எரியும், உறங்கினால் தணியும். மறுநாள் கட்டாயம் காட்டவேண்டும். வலி கூடினாலோ, சிவந்து பார்வை மங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கண்ணைத் தேய்க்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. தூக்கத்தில் தேய்க்காதிருக்க மூடி கொடுப்பார்கள். முதல் வாரம் தலைக்கு ஊற்றும்போது கண்ணில் நீர் படக்கூடாது. மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் சில வாரங்கள், நம் ஊர்க் கடலில் குளிப்பதும் கூடாது. மிளகாய்க் கிடங்குப் பக்கம் சில வாரம் போகாமலிருப்பது நல்லது. போனால் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி அணியவேண்டும். சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தம் ஏறிவிடும்.

கடைசியாகக் காகித விஷயம். லேசர் செய்த கண்ணில் படலம் மெலிந்திருப்பதால், கண் அழுத்தத்தை அளக்கும்போது கருவி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆகவே பிற்காலத்தில் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் "எனக்கு லேசர் செய்திருக்கிறது" என்று சொல்லவேண்டும். அதேபோல் முப்பது வருடம் கழித்துப் புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்கும்போது, என்ன பவர் வைப்பது என்ற கணக்குக்கு லேசருக்கு முந்தைய படலத்தின் வளைவு, கனம், பழைய கண்ணாடிப் பவர் ஆகியவை உதவும். அப்போது அந்த மருத்துவமனை இருக்குமோ, பதிவேடு கிடைக்குமோ! முன்பரிசோதனைத் தாள்கள், வரைபடம், சிகிச்சைக் குறிப்பு ஆகிய எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்கி, கடை வாடகைப் பத்திரமும் உரிமமும் வைத்திருக்கும் பெட்டியிலேயே ஓர் உறையில் போட்டுப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஒரு படி பிள்ளையின் அலைபேசியிலும் இருக்கட்டும்.